கடைசி வீட்டுக்கும் முறை உண்டு

கம்பியில்லா வலைப்பின்னலில் தகவல் ஓடும் விதம்: ஒரு பாடம்

தண்ணீரைப் பங்கிடும் கலையை யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு கிணறு, நாலைந்து பங்காளிகள், ஒரே வாய்க்கால் என்ற நிலையில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்து பழகியவர்கள் நாம். எவருக்கு எந்த நாள் இறைப்பு, எவருடைய பாத்தி நிறைந்ததும் எவருடைய பாத்திக்குத் தண்ணீர் மாறவேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே தீர்த்துக்கொண்டோம். காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்படுவது வழக்கம். அந்த அறிவு இன்று இன்னொரு காரியத்துக்கும் உதவும். ஒரே இணைய இணைப்பைப் பல குடும்பங்கள் சண்டை சச்சரவின்றிப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்பதே இப்பாடத்தின் பொருள்.

ஏன் இந்தப் பாடம்?

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும் எம் வாசகர்களில் உள்ளனர். 2009 இல் போர் முடிந்தபின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்கள் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கொட்டிலோ வீடோ போட்டுக் குடியேறினர். ஊர் முழுவதும் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. இங்கொரு வீடும் அங்கொரு வீடுமாகச் சிதறியிருக்கும் குடியிருப்புக்களில் தொலைபேசிக் கோபுரத்தின் அலை ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதன் பாரம் நன்கு விளங்கியது. பாடங்கள் கைத்தொலைபேசியில் வந்தன. ஒரு தொலைபேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளை படிப்பது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் காலம் கடந்துவிட்டாலும், வகுப்பு அறிவித்தல், சந்தை விலை, வங்கிச் செய்தி, வெளிநாட்டிலுள்ள உறவினரின் அழைப்பு யாவும் இன்று அவ்வழியாகவே வருகின்றன.

இந்நிலையில், பல குடும்பங்கள் சேர்ந்து ஓர் இணைப்பை எடுத்து, சிறு பெட்டிகள் மூலம் வீடு வீடாகக் கொண்டு செல்லலாம் என்ற யோசனை பலரிடமிருந்து வருகிறது. கடைக்காரர் சொல்வது இதுதான்: “அலை எட்டாவிட்டால் இன்னொரு பெட்டி வையுங்கள்.” இது அரைவாசிதான் உண்மை. மற்ற அரைவாசியை அறியாமல் காசு செலவழித்தால், முதல் வீட்டுப் பிள்ளை படம் பார்க்கும். கடைசி வீட்டுப் பிள்ளைக்குப் பாடமே வராது. கடைசி வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் எவர் என்பது உங்களுக்குத் தெரியும். பிந்தித் திரும்பியவர், வாடகைக் காணியில் இருப்பவர், தனித்துக் குடும்பம் நடத்தும் பெண். ஆகவே முதலில் விளங்கிக்கொள்வோம்.

1. பொதிகளாகப் பிரிக்கப்படும் தகவல்

இணையத்தில் ஒரு படமோ குரலோ முழுதாகப் போவதில்லை. வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஏற்றுவது போல, தகவல் சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொதியில் பொதுவாக 1,500 ஆங்கில எழுத்துக்கள் வரையே கொள்ளும். கைத்தொலைபேசியில் எடுத்த பெரிய புகைப்படம் ஒன்று ஏறக்குறைய 2,000 பொதிகளாகலாம். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற விலாசம் இருக்கும். போய்ச் சேரும் இடத்தில் அவை மீண்டும் ஒழுங்காக அடுக்கப்படும். ஒரு பொதி தவறினால் அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

வீட்டில் வைக்கும் வை-பை பெட்டியின் வேலை இப்பொதிகளை வாங்கி, விலாசம் பார்த்து, உரியவரிடம் அனுப்புவதே. சாதாரண பெட்டி ஒன்று தன் அருகிலுள்ள தொலைபேசிகளுடன் மட்டும் பேசும். வலைப்பின்னல் பெட்டி அயலிலுள்ள மற்றப் பெட்டிகளுடனும் பேசும். மற்றவர்களின் பொதிகளையும் வாங்கிக் கடத்தும். மீன் வலையில் ஒரு முடிச்சு மற்ற முடிச்சுக்களோடு தொடுத்திருப்பது போன்ற அமைப்பு இது. வெளி இணைப்பு வந்து சேரும் பெட்டியை நாம் ‘வாசல் பெட்டி’ என்போம். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் பொதி போவதை ஒரு ‘தாவல்’ என்போம்.

2. எல்லாருக்கும் ஒரே வாய்க்கால்

கம்பி வழியாக வரும் இணைப்பில் அவரவர் கம்பி அவரவருக்கு. கம்பியில்லா இணைப்பில் எல்லாரும் பாவிப்பது ஒரே ஆகாயத்தை. ஒரே அலைவரிசையில், ஒருவருக்கொருவர் கேட்கும் தூரத்தில், இரு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டினதும் பேச்சுக் குழம்பிப் பொதிகள் பாழாகும்.

இந்தச் சிக்கலை முதலில் பெருமளவில் சந்தித்தவர்கள் ஹவாய்த் தீவுகளில் இருந்தனர். தீவுகளுக்கிடையே கம்பி இழுப்பது கடினமாகையால், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் அப்ரம்சன் என்பவரும் அவரது குழுவினரும் 1971 இல் வானொலி அலை மூலம் கணினிகளை இணைத்தனர். அனுப்ப வேண்டியவர் அனுப்பலாம், மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பலாம் என்பதே அவர்களது விதி. விதி எளிது; ஆனால் அவ்விதமாக நடந்தால் அலையின் மொத்தக் கொள்ளளவில் நூற்றுக்கு 18 பங்குக்கு மேல் பயன்படாது என்பது கணக்கிட்டு அறியப்பட்டது. மீதி மோதலிலும் வெறுமையிலும் போய்விடும்.

அதனால் இன்றைய வை-பை பெட்டிகள் வேறொரு ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. பேசுமுன் பெட்டி கவனித்துக் கேட்கும். வேறு யாரும் பேசிக்கொண்டிருந்தால் பொறுத்திருக்கும். அவர் முடித்ததும் உடனே பாயாது, சீட்டு இழுப்பது போல ஒரு சிறு எண்ணைத் தனக்குள் எடுத்து, அத்தனை கணம் எண்ணியபின் பேசும். சிறிய எண் கிடைத்தவர் முதலில் பேசுவார். பொதி கிடைத்ததும் மறுபக்கம் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் மோதல் நடந்திருக்கக்கூடும் என்று கருதி, அடுத்தமுறை இன்னும் பெரிய எண்களிலிருந்து சீட்டு இழுக்கும். இவையெல்லாம் ஒரு செக்கனுக்குள் பல நூறு தடவை நடைபெறுகின்றன.

இந்த ஒழுங்கிலும் ஓர் ஓட்டை உண்டு. நடுவில் ஒரு வீடு, அதற்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு வீட்டுக்கும் மேற்கு வீட்டுக்கும் இடையில் அடர்ந்த பனங்கூடல். இரண்டும் நடு வீட்டுடன் பேசமுடியும். ஆனால் ஒன்றையொன்று கேட்கமாட்டா. ஆகவே இரண்டும் ‘ஆகாயம் சும்மா இருக்கிறது’ என்று எண்ணி ஒரே நேரத்தில் பேசும். நடு வீட்டில் இரண்டும் மோதும். அலை முழுதாகக் காட்டியும் வேலை நடக்கவில்லையென்றால் காரணம் இதுவாக இருக்கலாம். பெட்டிகளை உயர்த்தி, ஒன்றுக்கொன்று கேட்கும்படி வைப்பதால் இது குறையும்.

3. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை

இப்போது கடைக்காரர் சொல்லாத அரைவாசிக்கு வருகிறோம். நடுவிலுள்ள பெட்டி, பொதியை முதலில் வாங்கவேண்டும், பிறகு அதையே திரும்ப அனுப்பவேண்டும். ஒரே அலைவரிசையில் இவை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யமுடியாது. ஆகவே ஒரு பொதி இரு தாவலில் போனால் ஆகாயத்தை இருமுறை பிடிக்கிறது. மூன்று தாவலானால் மும்முறை. அருகருகே இருக்கும் பெட்டிகளில் ஒன்று பேசும்போது மற்றவை மௌனமாக இருக்கவேண்டியிருப்பதால், கிடைக்கும் அளவு பாதியாகி, மூன்றிலொன்றாகிக் குறைந்துகொண்டே போகும்.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் கேம்பிறிட்ஜ் நகரத்து வீடுகளில் 37 பெட்டிகளைக் கொண்ட வலைப்பின்னல் ஒன்றை அமைத்து, பலன்களை 2005 இல் வெளியிட்டனர். ஒரு தாவலில் சராசரியாகச் செக்கனுக்குச் சுமார் 2,450 கிலோபிற் கிடைத்தது. இரு தாவலில் அது சுமார் 770 ஆகவும், மூன்று தாவலில் சுமார் 360 ஆகவும் குறைந்தது. அக்காலப் பெட்டிகள் மெதுவானவை. இன்றைய பெட்டிகளில் எண்கள் பெரிதாக இருக்கும். ஆயினும் குறையும் போக்கு அதுவே.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஓர் ஒழுங்கையில் வரிசையாக 4 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 2 வீடுகள். மொத்தம் 8 வீடுகள். வெளியிலிருந்து வரும் இணைப்பு செக்கனுக்கு 10 மெகாபிற். பெட்டிகள் யாவும் ஒரே அலைவரிசையில், ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் உள்ளன. அந்த ஆகாயம் மொத்தம் 20 மெகாபிற் கொள்ளும்.

வாசல் பெட்டி ஒழுங்கையின் முனையில் இருந்தால், முதற் பெட்டியின் வீடுகளுக்குப் பொதி போக ஆகாயத்தை ஒருமுறை பிடிக்கவேண்டும் (பெட்டியிலிருந்து தொலைபேசிக்கு). இரண்டாம் பெட்டியின் வீடுகளுக்கு இருமுறை, மூன்றாவதற்கு மும்முறை, நாலாவதற்கு நாலுமுறை. ஒன்றும் இரண்டும் மூன்றும் நாலும் சேர்ந்து பத்து. ஒவ்வொரு பெட்டிக்கும் இரு வீடுகளானபடியால் இருபது. 20 மெகாபிற்றை 20 ஆல் பிரித்தால், வீட்டுக்கு 1 மெகாபிற். வெளியிலிருந்து 10 வந்தாலும் 8 வீடுகளுக்கும் சேர்ந்து 8 தான் போய்ச்சேரும்.

இனி வாசல் பெட்டியை இரண்டாம் பெட்டியின் இடத்துக்கு மாற்றுவோம். அதன் வீடுகளுக்கு ஒருமுறை, இரு பக்கத்துப் பெட்டிகளின் வீடுகளுக்கு இவ்விரு முறை, கடைசிப் பெட்டிக்கு மும்முறை. ஒன்றும் இரண்டும் இரண்டும் மூன்றும் சேர்ந்து எட்டு. இரு வீடுகளால் பெருக்கினால் பதினாறு. 20 ஐ 16 ஆல் பிரித்தால் வீட்டுக்கு 1.25 மெகாபிற். வெளியிலிருந்து வரும் 10 உம் முழுதாகப் பயன்படுகிறது. ஒரு சதமும் செலவழிக்காமல், பெட்டியை இடம் மாற்றியதாலேயே கால் பங்கு கூடிவிட்டது.

பெட்டிகளைக் கூட்டினால் என்ன? அதே முனை வாசலை வைத்துக்கொண்டு ஐந்தாவது பெட்டியும் இரு வீடுகளும் சேர்த்தால், ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 0.67 மெகாபிற்றே மிஞ்சும். வாய்க்காலை நீட்டியதால் கிணறு ஊறவில்லை.

4. தர்மசாலாவில் நடந்தது

இந்தியாவின் வடக்கே இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலா என்ற மலைநகர் உண்டு. 1959 இல் திபெத்தை விட்டு வெளியேறிய மக்களின் தலைமையிடமாக 1960 முதல் விளங்கும் இடம் அது. எம்மைப் போலவே வீடும் நிலமும் விட்டு வந்தவர்கள் அங்கே பாடசாலை, மருத்துவமனை, அலுவலகம் எல்லாவற்றையும் புதிதாக அமைக்கவேண்டியிருந்தது.

2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய அரசு, வை-பை அலையை வெளிப்புறங்களில் அனுமதிப்பத்திரமின்றிப் பாவிக்க இடமளித்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் தர்மசாலாவில் ஒரு வலைப்பின்னல் தொடங்கிற்று. பின்னர் இது ‘எயர் ஜல்தி’ என்ற பெயரில் வளர்ந்தது. மலையும் மரமும் மறைப்பதால், ஒரு கோபுரத்திலிருந்து எல்லா இடத்துக்கும் நேராக அலை அனுப்ப முடியவில்லை. பெட்டியிலிருந்து பெட்டிக்குத் தாவிப்போகும் முறை அந்த நிலத்துக்குப் பொருந்தியது. வீடுகளில் பாவிக்கும் மலிவான பெட்டிகளையே எடுத்து, அவற்றின் மென்பொருளை மாற்றிப் பயன்படுத்தினர். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர் அது. ஒரு பெட்டி மின்வெட்டில் அணைந்தால், பொதிகள் தாமாக வேறு பெட்டி வழியாகச் சுற்றிப் போயின.

சில காலத்தில் அங்கே 30 க்கு மேற்பட்ட பெட்டிகளும், அவற்றுடன் இணைந்த 2,000 க்கு மேற்பட்ட கணினிகளும் இருந்தன. அவற்றுக்கெல்லாம் வெளியிலிருந்து வந்த இணைப்பு 6 மெகாபிற் மட்டுமே. எல்லாரும் ஒரே கணத்தில் கேட்டிருந்தால் ஆளுக்கு 3 கிலோபிற்றே கிடைத்திருக்கும். எல்லாரும் ஒரே கணத்தில் கேட்பதில்லை என்பதால்தான் அது நடந்தது. ஒரு கிணற்றில் பத்துப் பேர் வெவ்வேறு நேரத்தில் அள்ளலாம். ஒரே நேரத்தில் பத்து வாளி இறங்காது.

அதை நடத்தியவர்கள் ஒரு விடயத்தை மறைக்கவில்லை. 30 பெட்டிகளும் ஒரே அலைவரிசையில் இருந்தன. தொடர்ந்து வளர்ந்தால் அந்த ஒற்றை அலைவரிசை போதாது, பல அலைவரிசைகளில் பேசும் பெட்டிகள் வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். எமது கணக்கும் அதையே காட்டுகிறது.

எமது நாட்டிலும் முன்மாதிரி உண்டு. அநுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டோரத்தில் உள்ள மகாவிலச்சிய என்ற கமக்காரக் கிராமத்தில், நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998 இல் பிள்ளைகளுக்காக ஹொரைசன் லங்கா என்ற அமைப்பைத் தொடங்கினார். 2006 ஆம் ஆண்டளவில் அக்கிராமத்து வீடுகள் வலைப்பின்னல் மூலம் இணைக்கப்பட்டன. நகரத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணப்பட்ட வசதி, குளத்தை நம்பி நெல் விதைக்கும் ஊருக்கும் வரலாம் என்பதை அது காட்டிற்று.

5. பாதையைப் பெட்டி எப்படி அறிகிறது?

எந்த அயலவர் வழியாகப் பொதியை அனுப்புவது என்பதைப் பெட்டிகள் தாமே தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பெட்டியும் சிறிது நேரத்துக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு குறுஞ்செய்தியைச் சுற்றிலும் அனுப்பும். அயற்பெட்டிகள் அச்செய்தி பத்தில் எத்தனை வந்து சேர்ந்தது என்று எண்ணும். தம் அயலவருக்கும் அதைக் கடத்தும். பத்தில் ஒன்பது வரும் வழி நல்ல வழி. பத்தில் நாலு வரும் வழி மோசமான வழி.

யேர்மனியில் பெர்லின் முதலிய நகரங்களில் ‘பிறைபுங்க்’ என்ற மக்கள் வலையமைப்பை நடத்துவோர் 2006 இல் உருவாக்கத் தொடங்கிய முறையொன்றில், எந்தப் பெட்டியிடமும் முழு ஊரின் வரைபடம் இராது. இந்த இடத்துக்குப் போக எந்த அயலவரிடம் கொடுப்பது நல்லது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இடப்பெயர்வின்போது எமக்கும் முழுப் பாதையும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த சந்தியில் நின்றவரைக் கேட்டோம். அவர் காட்டிய பக்கம் நடந்து, அதற்கடுத்த சந்தியில் மீண்டும் கேட்டோம். பொதியும் அப்படியே போகிறது. ஒரு பாதை அடைபட்டால், சில கணங்களில் வேறு பாதை பிடிபடும்.

ஆனால் இதில் விளங்கிக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. வேறு பாதை இருந்தால்தான் பெட்டி அதைப் பிடிக்கும். ஒழுங்கை நீளத்துக்கு ஒரே வரிசையாகப் பெட்டிகளை வைத்தால் அது வலையல்ல, கயிறு. நடுவில் ஒன்று அறுந்தால் அப்பால் உள்ள அனைவருக்கும் இணைப்பு நிற்கும். ஒவ்வொரு பெட்டியும் குறைந்தது இரு பெட்டிகளைக் கேட்கும்படி வைக்கவேண்டும்.

6. வரிசையும் வாசலும்

ஆகாயம் சும்மா இல்லாதபோது, வந்த பொதிகளைப் பெட்டி வரிசையில் நிறுத்தி வைக்கும். வரிசை நிறைந்துவிட்டால், புதிதாக வரும் பொதியை விட்டுவிடும். அனுப்பியவரின் கணினி, பொதி தொலைந்ததை அறிந்து தன் வேகத்தைக் குறைக்கும். இவ்வாறே நெரிசல் தணிகிறது. வரிசை மிக நீளமாக இருந்தாலும் கூடாது. பொதி தொலையாமல் இருக்கும். ஆனால் மிகவும் பிந்திப் போகும். ஒரு வீட்டில் பெரிய படமொன்றை இறக்கும்போது மற்ற வீட்டில் ஆசிரியரின் குரல் விக்கி விக்கி வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இங்கேதான் நீதி பற்றிய கேள்வி வருகிறது. வாசலுக்கு அருகில் உள்ள வீட்டின் பொதி நேராக வாசலில் நிற்கிறது. கடைசி வீட்டின் பொதியோ ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு இழுத்து, ஒவ்வொரு வரிசையிலும் இடம் பிடித்து, பல மோதல்களைத் தப்பி வரவேண்டும். ஒருவரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலே, பொறியின் இயல்பினாலேயே, அருகில் இருப்பவருக்குக் கூடவும் தூரத்தில் இருப்பவருக்குக் குறையவும் கிடைக்கிறது. முறை வைக்காத வாய்க்காலில் தலைப்பாத்தி நிறைந்து வழியக் கடைசிப் பாத்தி காய்வது போல.

பரிகாரம் உண்டு. வந்த ஒழுங்கில் எல்லாப் பொதிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், வீட்டுக்கு வீடு தனி வரிசை வைத்து, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும்படி வாசல் பெட்டியில் ஒழுங்கு செய்யலாம். ஒரு வீட்டுக்கு இதற்குமேல் இல்லை என்று வரம்பும் கட்டலாம். பல பெட்டிகளில் இது ‘கியூ-ஓ-எஸ்’ என்ற பெயரில் இருக்கும். வாங்குமுன் அது உண்டா என்று கேளுங்கள். பொருத்த வருபவரிடம் அதைச் செய்துதரும்படி சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அலை குறைந்த இடத்திலுள்ள தொலைபேசி, பிழையின்றிப் பேசுவதற்காக மிக மெதுவாகப் பேசும். அது ஒரு பொதியை அனுப்பும் நேரத்தில் அருகிலுள்ளவர் பத்து இருபது பொதிகள் அனுப்பிவிடலாம். அந்த மெதுவான பேச்சு முடியும்வரை அனைவரும் பொறுத்திருக்கவேண்டும். இதைக் கண்டு “அந்த வீட்டை வெட்டிவிட்டால் எல்லாருக்கும் வேகம் வரும்” என்று சிலர் சொல்லக்கூடும். கணக்கின்படி அது சரிதான். ஆனால் நாம் சேர்ந்து எடுத்த இணைப்பு அந்த வீட்டுக்காகவும் எடுக்கப்பட்டது. அங்கே அலை போதாமைக்குக் காரணம் பெட்டி வைத்த இடமே. பெட்டியை நகர்த்தினால் அவருக்கும் வேகம் வரும், மற்றவர்களுக்கும் வரும்.

7. தொடங்குமுன் செய்யவேண்டியவை

அ) முதலில் வெளி இணைப்பைப் பாருங்கள். எந்த வீட்டின் கூரையில் கோபுரத்து அலை நன்றாகக் கிடைக்கிறது என்று தொலைபேசியைக் கொண்டு நடந்து பாருங்கள். அவ்வாறான இடங்களில் குடியிருப்பின் நடுவுக்குக் கிட்டிய இடத்தில் வாசல் பெட்டியை வையுங்கள்.

ஆ) எந்த வீடும் வாசலிலிருந்து இரண்டு, மிஞ்சினால் மூன்று தாவலுக்கு மேல் போகாதபடி திட்டமிடுங்கள். அதற்கப்பால் வீடுகள் இருந்தால் இரண்டாவது வாசல் எடுப்பதே நல்லது.

இ) இயன்ற இடத்தில் கம்பி இழுங்கள். கணினிக் கம்பி 100 மீற்றர் வரை நன்றாக வேலை செய்யும். கம்பியில் போகும் பொதி ஆகாயத்தைப் பிடிப்பதில்லை. எனினும் மாரியில் இடி மின்னல் உள்ள வேளையில் வெளிக்கம்பிகளைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு.

ஈ) இரு அலைகளில் பேசும் பெட்டிகளை வாங்குங்கள். பெட்டிகளுக்கிடையே ஓர் அலையும், தொலைபேசிகளுக்கு இன்னோர் அலையும் என்று பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாவல் மிச்சமாகும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று கலக்காத அலைவரிசைகளாக 1, 6, 11 ஆகிய மூன்றே பொதுவாகக் கொள்ளப்படும். பக்கத்து வீட்டார் எதைப் பாவிக்கின்றனர் என்று பார்த்து மற்றதை எடுங்கள்.

உ) எமது நிலம் தட்டையானது, மறைப்பது மலையல்ல, மரமும் தகரமும். ஈர இலை அலையை உறிஞ்சும். தகரக் கூரை அலையைத் திருப்பிவிடும். தண்ணீர்த் தாங்கி வைத்த மேடை, மாடிச் சுவர் போன்ற உயரமான இடங்களைத் தெரிவுசெய்யுங்கள். மரம் தறிக்கத் தேவையில்லை. பெட்டியை உயர்த்தினாலே போதும்.

ஊ) மின்வெட்டு வந்தால் வாசல் பெட்டி அணையாதிருக்க ஒரு சிறு பற்றறி ஏற்பாடு செய்யுங்கள். வாசல் அணைந்தால் மற்றப் பெட்டிகள் எரிந்தும் வெளித் தொடர்பு இராது.

எ) இணைப்பை எடுக்கும்போது, பல குடும்பங்கள் பகிர அந்த ஒப்பந்தம் இடங்கொடுக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற உபகரணங்களையே வாங்குங்கள்.

8. முறையை எழுதி வையுங்கள்

பொறி செய்யாத நீதியை மனிதர் செய்யவேண்டும். கூட்டம் கூடி, பின்வருவனவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் இடுவது நல்லது. பிள்ளைகளின் படிப்பு நேரமான மாலை 6 மணி முதல் 9 மணி வரை பெரிய படங்களை இறக்குவதில்லை. மாதப் பணத்தை எவர் சேர்ப்பார், எவர் கணக்குக் காட்டுவார். பெட்டியின் கடவுச்சொல் எவர் இருவரிடம் இருக்கும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் ஊரை விட்டுப் போகும்போது எல்லாம் நின்றுவிடும்.

இடம்பெயர்ந்தோர் விசேடமாகக் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. காணி ஒருவருடையது, பெட்டி சங்கத்தினுடையது என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு குடும்பம் தன் சொந்த ஊருக்குத் திரும்பும் நாள் வந்தால், அவர்கள் மனநிறைவோடு போகவேண்டும்; எஞ்சியோரின் இணைப்பு அறவும் கூடாது. அதற்காகவே அவர்கள் வீட்டுப் பெட்டி போனாலும் பாதை இருக்கும்படி மேலே சொன்ன இரண்டாவது வழியை வைத்திருக்கிறோம்.

மாதம் ஒருமுறை, மாலை 7 மணியளவில், வாசல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் தொலைபேசியால் வேகத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். கடைசி வீட்டின் எண், வாசல் வீட்டு எண்ணில் மூன்றிலொன்றுக்கும் கீழே போனால், புதிய குடும்பத்தைச் சேர்க்குமுன் பெட்டிகளின் இடத்தையும் அலைவரிசையையும் வரம்பையும் திருத்துங்கள். இந்த அளவை வாசல் வீட்டார் எடுப்பதிலும் கடைசி வீட்டார் எடுப்பதே உத்தமம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடியிருப்பின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். வீடு, கிணறு, மரக்கூடல், மின்கம்பம் யாவற்றையும் குறியுங்கள். வாசல் பெட்டிக்கு ஏற்ற இடம் எது?

2. அந்த இடத்திலிருந்து கடைசி வீட்டுக்கு எத்தனை தாவல்? மேலே காட்டிய கணக்கை உங்கள் வீட்டு எண்ணிக்கைக்குச் செய்து பாருங்கள்.

3. உங்கள் பழைய ஊரில் கிணற்று முறை எப்படி இருந்தது? முறை தவறியவரை எப்படித் திருத்தினீர்கள்? அதில் எதை இங்கே எடுத்துக்கொள்ளலாம்?

4. பணம் கட்ட இயலாத குடும்பம் ஒன்றின் பிள்ளைக்குப் படிப்பு நேரத்தில் பங்கு கொடுப்பது பற்றி உங்கள் சங்கம் என்ன தீர்மானிக்கும்?

5. எல்லாக் குடும்பங்களுக்கும் ஏற்கெனவே நல்ல அலை கிடைக்குமானால், இந்தப் பெட்டிகள் தேவையா? அந்தப் பணத்தை வேறெதற்குச் செலவிடலாம்?